காற்றைக் குடித்து இறுகும் சுவர்

டென்மார்க்கின் யூட்லாண்ட் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், ஷெர்ன் ஆற்றை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் பிராண்டே. 1968இல் ஓவியர்கள் சிலர் அங்குள்ள கட்டடங்களின் பக்கச்சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியங்களைத் தீட்டினார்கள். அன்றிலிருந்து சுவரோவியம் அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. 1980களில் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு அகதிகளாகப் போன தமிழர்களில் பெரும்பாலோர் யூட்லாண்டின் இப்படிப்பட்ட ஊர்களில்தான் குடியமர்ந்தார்கள். பிராண்டேயில் ஓர் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கிறது.

வெளிச்சுவரை ஊரே பார்க்கிறது. உள்சுவரை வீட்டுக்காரர் மட்டும், அதுவும் அலமாரியை நகர்த்தும்போதுதான் பார்க்கிறார். பிப்ரவரி மாதத்தில் பழைய செங்கல் வீடொன்றில் அப்படி நகர்த்தினால் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஜன்னலடியில் பூச்சு பொருமியிருக்கும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கிற சத்தம், அங்கே ‘டொப் டொப்’ என்று பொள்ளலாகக் கேட்கும். உடனே மேசனைக் கூப்பிட்டு உரித்துப் பூசச் சொல்லத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுக்கலாம். சுவர் கெட்டதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர். அது எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் பூசினால், இரண்டு குளிர்காலம் கழித்து அதே இடத்தில் அதே பொருமல்.

பழைய சுவர்களில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. அது இறுகும் விதம் அலாதியானது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி, 18 கிலோ தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. மணலோடு குழைத்துச் சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, தண்ணீரை விட்டு, மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிறது. சூளையில் பறிகொடுத்த 44 கிலோவும் கணக்குத் தவறாமல் திரும்பி வந்து சேர்கிறது. அதாவது பூச்சு பூசிய சுவரில் இருப்பது, பாறையாக இருந்து மாவாகி மீண்டும் பாறையான பொருள்.

ஆனால் அவசரம் கூடாது. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். ஆகவே இறுக்கம் மேலிருந்து உள்ளே மாதத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் போகும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில மாதங்களுக்கு முன் பூசிய சுவரிலிருந்து ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் உள்பகுதி பளிச்சென்று ரோஜா நிறமாகும். வெளியோரத்தில் மட்டும் ஒரு பட்டை நிறம் மாறாமல் நிற்கும். அந்தப் பட்டைதான் இதுவரை கல்லாகிய பகுதி. ரோஜா நிறம் இன்னும் காற்றுக்குக் காத்திருக்கும் சுண்ணாம்பு. இந்த வேலைக்கு ஈரப்பசையும் தேவை. அதனால்தான் பூசியபின் சில நாள் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

மணலும் சும்மா சேர்ப்பதல்ல. மணல் துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடம் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற பழைய கணக்கு அந்த வெற்றிடத்தைச் சரியாக நிரப்புகிறது. செட்டிநாட்டில் இதோடு கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு என்று சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்தெடுத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புப் பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நாற்சார் வீடுகளுக்கான சுண்ணாம்பு காலடியிலேயே கிடைத்தது. பிராண்டேக்காரர்களுக்கும் தூரமில்லை. வடக்கே வீபோர்க் நகரருகில் முன்ஸ்டெட் சுண்ணாம்புச் சுரங்கம் இருக்கிறது. நூற்றாண்டுகளாகத் தோண்டியதில் அதற்குள் சுமார் 60 கிலோமீட்டர் பாதைகள். இப்போது அங்கே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் உறங்குகின்றன, பாலாடைக்கட்டிகள் பதமாகின்றன.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் இறுகும், கடினமாகவும் இருக்கும். பழைய மென்மையான செங்கல் சுவருக்கு அந்தக் கடினமே வினை. சுவர் லேசாக அசைந்தாலும் சிமெண்ட் பூச்சு வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கிய நீர் சுண்ணாம்புப் பூச்சில் நடப்பதுபோல எளிதாக ஆவியாகி வெளியேறாமல் பின்னால் தேங்குகிறது. ஜிப்சம் இன்னொரு கதை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் படிகத்துக்குள் சிறைப்பட்ட நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகித்தான் சுவரைச் சற்று நேரம் காப்பாற்றுகிறது. ஆனால் ஓதமேறும் சுவரில் ஜிப்சம் ஊறிச் சோர்ந்துவிடும்.

இனி அந்தக் கறுப்பு மூலைக்கு வருவோம். நான்கு பேர் உள்ள குடும்பம் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி, மூச்சுவிட்டு ஒரு நாளில் சுமார் 10 லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறது. இட்லிப்பானை தினமும் ஏறும் வீட்டில் அதற்குக் குறையாது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி தாங்கும். பூஜ்ஜியம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் சுவர் 12 டிகிரிக்குக் குளிர்ந்ததும் ஐஸ் மோர் டம்ளர் வியர்ப்பதுபோல் வியர்க்கும். பூஞ்சணத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவரையொட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் நீடித்தாலே அது முளைக்கும். மேற்சொன்ன அறையில் சுவர் 15 டிகிரிக்கு இறங்கினால் அந்த நிலை வந்துவிடும். பழைய டேனிஷ் வீடுகளின் இரட்டைச் செங்கல் சுவரில் இரு அடுக்குகளையும் பிணைக்கும் செங்கற்கள் வழியே குளிர் உள்ளே நுழைகிறது. அலமாரி மறைத்த மூலைக்கு ஹீட்டரின் சூடும் போவதில்லை. அங்கே பூச்சு எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜன்னலைத் தினம் இரண்டு மூன்று தடவை ஐந்து நிமிடம் அகலத் திறந்து, அலமாரியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் மருந்து. அதற்குக் கூலி கிடையாது.

நீர் அறைக் காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்தா என்று அறிய அலுமினியத் தாள் ஒன்று போதும். ஒரு சாண் சதுரத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். முன்பக்கம் நனைந்தால் அறைக் காற்று. பின்பக்கம் நனைந்தால் சுவருக்குள் ஈரம்: கூரையோ, குழாயோ, அடியிலிருந்து ஏறும் ஓதமோ.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் ஆளை ஏய்க்கும். எந்தக் குழாயும் ஒழுகாது. ஆனாலும் மப்பான நாட்களில் சுவரில் ஈரத்திட்டு தோன்றும், வெயில் நாளில் மறையும். சுவருக்குள் ஏறிய உப்பின் வேலை இது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் பூச்சின் நுண்துளைகளை நெம்புகிறது. பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பு தெறித்து ஏறும் அடிச்சுவர்களில் இது நடக்கும். அந்தப் பூச்சைச் செங்கல் வரை எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூசவேண்டும். மேலே பெயிண்ட் அடிப்பது வீண்.

கையகலப் பொள்ளலை வீட்டுக்காரரே செய்யலாம். கெட்டியான சத்தம் வரும்வரை தட்டி உதிர்த்து, தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, செங்கல்லை நன்றாக நனைக்கவேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு பொடியாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அப்பாதீர்கள். மேலே சுண்ணாம்பு அல்லது சிலிகேட் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியிருக்கும். ஒன்றை மறக்கக்கூடாது: 1980களின் பிற்பாதிக்கு முந்திய வீடென்றால் டைல்ஸ் பசையிலும் நிரப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டாக இறங்கும் வெடிப்பு பூச்சு வேலையே அல்ல. அதற்குப் பொறியாளர் வேண்டும்.

பெரிய வேலைக்கு டென்மார்க்கில் மூரர் எனப்படும் கொத்தனாரைக் கூப்பிடவேண்டும். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா, வெளியே போய்க் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சுவரைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்பவரைவிட, ஈரம் எப்போதிலிருந்து என்று கேட்பவரே மேல். நிறுவனத்தின் எட்டு இலக்கச் சிவிஆர் எண்ணை அரசுப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். ‘டில்பூத்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த விலைக்கு அவர் கட்டுப்பட்டவர். ‘ஓவர்ஸ்லாக்’ என்றால் மதிப்பீடுதான், ஓரளவு ஏறலாம். 25 சதவீத வரி விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். எந்தச் சாந்து, எத்தனை தடவை, எத்தனை நாள் நனைப்பு என்பதும் தாளில் இருக்கட்டும். தெரிந்தவர், நம்ம ஆள், ரொக்கமாகக் கொடுத்தால் குறைவு என்ற பேச்சு நம்மவர்களிடையே அதிகம். 8,000 குரோனருக்கு மேற்பட்ட வேலைக்கு ரொக்கமாகக் கொடுத்து, அவர் வரி கட்டாமல் போனால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையிலும் விழலாம்.

உறைபனியில் சுண்ணாம்பு இறுகாது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வெளிச்சுவரைப் பூசக்கூடாது. யூட்லாண்டில் அதற்கு ஏற்ற காலம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான், அப்போது எல்லோருக்கும் மூரர் தேவைப்படுவார். அதனால் வெளிவேலை இருந்தால் பனி விழும்போதே போன் செய்து நாள் வாங்கிவிடுங்கள்.