மாதிரி நிரலை உடைத்துப் பார்த்துக் கற்றல்

இரவு வேலை முடித்து வந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னர் கணனியின் முன் அமர்ந்து ஜாவா மொழி கற்கும் எம்மவர் பலரை நாம் அறிவோம். தாயகத்திற் பெற்ற பட்டம் இங்கு செல்லாக்காசாகிவிட்ட நிலையில், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தையாவது பயனுள்ளதாக்கும் முயற்சி அது. மொழியின் இலக்கணத்தை அவர்கள் எப்படியோ கற்றுவிடுகின்றனர். இடறுவது அடுத்த படியில். வங்கி, காப்புறுதி நிறுவனம், அரச திணைக்களம் போன்ற பெரிய இடங்களின் கணனிப் பணிகளைத் தாங்கி நிற்கும் 'அப்ளிகேஷன் சேர்வர்' என்பதே அந்தப் படி.

இது கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சாதாரண நிரலில் நாம் எழுதியது மட்டுமே நடக்கும். சேர்வரிலோ நாம் எழுதாதவையும் நடக்கும். தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுத்துதல், உள்ளே வருபவரின் உரிமையைச் சோதித்தல், ஒரு கொடுக்கல்வாங்கலைத் தொடங்கி முடித்தல் ஆகியவற்றைச் சேர்வர் தானே கவனித்துக்கொள்கிறது. விரிவுரைக் குறிப்பை மனனஞ் செய்து சோதனை எழுதும் எமது கல்விமுறை இவ்விடத்தில் உதவாது. அக்குறிப்புகளை வாசித்துக் கொடுத்த பக்கத்தில் நின்றவர்கள் என்ற முறையில் இதைச் சொல்கிறோம். மாதிரி நிரலை எடுத்து இயக்கிப் பார்ப்பதே வழி.

முன்னர் 'ஜேபாஸ்' எனப்பட்ட 'வைல்ட்ஃபிளை' சேர்வர் இலவசமாகக் கிடைப்பது. அதற்கென எழுதப்பட்ட மாதிரிகளுள் 'கிச்சன் சிங்க்' என்று ஒன்றுண்டு. உணவகத்தில் பாத்திரம் கழுவிய கைகளுடன் படிக்க அமர்பவர் இப்பெயரைக் கண்டு சிரிக்கக்கூடும்; எல்லாவற்றிலும் கொஞ்சங் கொஞ்சம் அள்ளிப் போட்டது என்பதே இங்கு பொருள். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை வாங்கி ஓர் உறுப்பினரைப் பதிவுசெய்வதே அதன் வேலை.

பலர் இதனை இயக்கி, திரையில் பக்கம் தோன்றியதும் திருப்தியுற்று அடுத்ததற்குப் போய்விடுகின்றனர். உண்மையான படிப்பு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. உறுப்பினரைப் பதிவுசெய்யும் பகுதியில் 'பெர்சிஸ்ட்' என்னும் கட்டளை அவரைத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. அப்பகுதியின் கடைசி வரியாக, வேண்டுமென்றே ஒரு 'ரன்டைம் எக்செப்ஷன்' வழுவை எறியுங்கள். பின்னர் பக்கத்தை மீளத் திறந்தால் அப்பெயர் பட்டியலில் இராது; சேர்த்ததைச் சேர்வர் தானே அழித்துவிட்டது. அடுத்து, அவ்வரிக்குப் பதிலாக வெறும் 'எக்செப்ஷன்' ஒன்றை எறியுங்கள். இப்போதும் வழு நேர்ந்ததாகவே செய்தி வரும். ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும்!

உண்டியல் மூலம் ஊருக்குப் பணம் அனுப்பியோருக்கு இதன் பாரதூரம் விளங்கும். இங்கே கொடுத்த பணம் அங்கே சேரவேண்டும். சேராவிடில் கைக்குத் திரும்பவேண்டும். இரண்டுங்கெட்டான் நிலை கூடாது. 'என்ரர்பிரைஸ் ஜாவா பீன்ஸ்' விதிப்படி, ரன்டைம் வகை வழு நேர்ந்தால் சேர்வர் அனைத்தையும் பழைய நிலைக்கு மீட்டுவிடும். சாதாரண எக்செப்ஷனை, 'இது வியாபார விடயம், எழுதியவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடும். மீட்கவேண்டுமாயின் நாமே அதனை நிரலில் சொல்லவேண்டும். நூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இவ்விதியைக் கண்ணாற் கண்டவர் மறவார். நேர்முகத் தேர்வில், மொழி தடுமாறினாலும், விடயம் தடுமாறாது.

மாதிரியின் வயதையும் பார்க்கவேண்டும். சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட இத்தொழில்நுட்பம், 2010 இல் அந்நிறுவனத்தோடு ஒரக்கிளின் கைக்கு மாறியது. பின்னர் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, 2018 இல் 'ஜகார்த்தா' என்ற பெயரைப் பெற்றது. 2020 டிசெம்பரில் வந்த ஒன்பதாம் பதிப்பில், நிரலுக்குள் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய அதன் பெயர்களும் 'ஜகார்த்தா' என மாறின. பழைய மாதிரியை அப்படியே புதிய சேர்வரில் இட்டால் பக்கம் பக்கமாக வழுச்செய்தி வருவது இதனாலேயே. தம் மூளைதான் போதாதென்று எண்ணிப் படிப்பைக் கைவிட்டு, மீண்டும் களஞ்சிய வேலையோடு அமைந்துவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். நிரலின் தலைப்பிலுள்ள 'இம்போர்ட்' வரிகளைப் பார்த்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். 'ஜாவாக்ஸ்.ஈஜேபி' என்றிருந்தால் பழையது, 'ஜகார்த்தா.ஈஜேபி' என்றிருந்தால் புதியது. 'ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல்' ஏமாற்றும்: அது ஜாவா மொழியின் அடிப்படைத் தொகுதியைச் சேர்ந்ததாகையால் பெயர் மாறவில்லை, அதனைத் தொடவேண்டாம்.