மூன்று கணினி, மூன்று ஆள்

லினக்ஸ் உலகில் பேர்பெற்ற ஜோயி ஹெஸ் என்ற அமெரிக்க மென்பொருளாளர், 2002இல் 'லினக்ஸ் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைச் சிவிஎஸ் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்திருப்பதைப் பற்றியது அது. பல புரோகிராமர்கள் சேர்ந்து ஒரே நிரலை எழுதும்போது யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி சிவிஎஸ். தனி ஆளுக்கு அது எதற்கு? வீட்டில் ஒன்று, பையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று கணினி வைத்திருப்பவர், உண்மையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர்தானே!

கோப்புகளைத் தேதி மட்டும் பார்த்து நகலெடுத்தால் பிந்தைய தேதி உள்ளதே ஜெயிக்கும். காலையில் அலுவலகத்தில் இரண்டு வரி சேர்க்கிறீர்கள். இரவு வீட்டில், பழைய பிரதியில் வேறொரு பத்தியைத் திருத்துகிறீர்கள். வீட்டுப் பிரதி மேலே ஏறிக்கொள்ளும், காலை எழுதியது காணாமல் போகும். கொஞ்சம் ஜாக்கிரதையான சேவைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்ப்பது நம் தலையில்.

லினக்ஸின் மையமான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய, சிவிஎஸ் வகைக் கருவியான 'கிட்' தேதியைப் பார்ப்பதில்லை. இரண்டு பிரதிகளும் கடைசியாக எங்கே ஒன்றாக இருந்தன என்று தேடுகிறது. நாம் 'கமிட்' செய்யும்போதெல்லாம் ஃபோல்டரின் அப்போதைய நிலையைப் பதிந்து, அதற்கு முந்தைய நிலை எது என்பதையும் குறித்துவைக்கிறது. அதனால் பொது மூதாதையைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த மூதாதையோடு இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வரி எந்தப் பக்கம் மாறியது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாறிய வரிகளைத் தானே சேர்த்துவிடுகிறது. ஒரே வரி இரு பக்கமும் வெவ்வேறாக மாறியிருந்தால் ஊகிக்காமல் நின்று, இரண்டையும் குறியிட்டுக் காட்டி நம்மைக் கேட்கிறது. இந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்த குணம்.

முழு வரலாறும் ஒவ்வொரு கணினியிலும் இருப்பதால் இணையம் இல்லாமலும் வேலை ஓடும். நடுவில் பொதுக் களஞ்சியமாக ஒரு பென்டிரைவ்கூடப் போதும். உட்காரும்போது களஞ்சியத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும் 'புல்', எழுந்திருக்கும்போது கமிட், பிறகு அதைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் 'புஷ்'. இந்தப் பழக்கம் கைவராதவருக்குக் கிட் தொந்தரவுதான்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. வரிவரியாகச் சேர்ப்பதெல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகளில்தான். வேர்ட் ஆவணத்தில் நடக்காது. படங்களையும் வீடியோக்களையும் போட்டால், அழித்தவைகூட வரலாற்றில் தங்கி எல்லாக் கணினிகளிலும் இடத்தை அடைக்கும். இதற்காகவே ஹெஸ் 2010இல் 'கிட்-அனெக்ஸ்' எழுதத் தொடங்கினார். அதில் கிட்டுக்குள் இருப்பது கோப்பின் பெயரும் அடையாளமும் மட்டுமே. உள்ளடக்கம் நாம் சொல்லும் வட்டில் இருக்கும். ஒரு கணினியிலிருந்து அதை நீக்கச் சொன்னால், வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நீக்கும்.

கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிக் கோப்புகளையும் மட்டும் உள்ளே விடாதீர்கள். மறுநாள் அழித்தாலும் பழைய கமிட்டில் அவை அப்படியே இருக்கும். கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் 'கிட்இக்னோர்' கோப்பில் அவற்றின் பெயர்களை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.