விதைக்காத மக்காச்சோளத்துக்கும் மானியம்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கவுண்டி எனப்படும் 99 மாவட்டங்கள் இருக்கின்றன. மக்காச்சோளமும் சோயாவும்தான் அங்கே பிரதானப் பயிர்கள். விலை சரிந்த ஆண்டுகளில் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் மத்திய அரசின் பணம் விழும். அறுத்த கையோடு வராது. விற்பனை ஆண்டு முடிந்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்துதான் வரும்.

வேளாண் சட்டம் இந்த மானியத்துக்கு உரிய ஒவ்வொரு பயிருக்கும் ஓர் ஆதார விலை வைத்திருக்கிறது. 2014, 2018 சட்டங்களில் மக்காச்சோளத்துக்கு அது புஷலுக்கு 3.70 டாலர். ஒரு புஷல் சுமார் 25 கிலோ. நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே போனால், எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை அரசு கொடுக்கும், தானியத்தை வாங்காது.

2016 விளைச்சலுக்குச் சராசரியாகக் கிடைத்தது 3.36 டாலர். புஷலுக்கு 34 சென்ட் குறைவு. அரசுப் பதிவேட்டில் 100 ஏக்கரும், ஏக்கருக்கு 150 புஷல் விளைச்சலும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 85 சதவீதப் பரப்புக்குத்தான் பணம். 85 ஏக்கருக்கு 12,750 புஷல். அரசின் செலவுக் குறைப்புப் பிடித்தத்துக்கு முன் 4,335 டாலர்.

இதை விட்டுவிட்டு, கவுண்டியின் சராசரி வருமானத்தை அளவாகக் கொள்ளும் இன்னொரு திட்டத்திலும் சேரலாம். அதில் ஒரு சிக்கல். ஆலங்கட்டி மழையில் ஒருவரின் வயல் மட்டும் அழிந்து, கவுண்டியின் சராசரி நன்றாக இருந்தால், அவருக்கு ஒரு சென்ட்கூட வராது. அதற்குப் பயிர்க் காப்பீடுதான் துணை.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது அந்தப் பதிவேட்டைப் பற்றி. அதில் உள்ள பரப்பை ‘அடிப்படை ஏக்கர்’ என்கிறார்கள். இந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்று அது பார்ப்பதில்லை. பழைய சாகுபடிதான் கணக்கு. 2014 சட்டத்தின்போது 2009 முதல் 2012 வரை பயிரிட்டதை வைத்து அதை மாற்றியமைக்க வாய்ப்பளித்தார்கள். மக்காச்சோளம் என்று பதிவான நிலத்தில் இன்று சோயா நின்றாலும், மக்காச்சோள விலை இறங்கினால் பணம் உண்டு. பதிவே இல்லாத நிலத்தில் மக்காச்சோளம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட இளம் விவசாயிக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. காய்கறி, பழம் போடுகிறவர்களுக்கும் இல்லை.

ஐயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை. ரொக்கக் குத்தகையில் பணம் உழுகிறவர் பெயருக்கே வரும். ஆனால் பணம் வரும் என்று தெரிந்தால் நிலக்காரர் குத்தகையை உயர்த்திக் கேட்பார். ஒரு பங்கு அவர் கைக்குப் போய்விடும்.

உச்சவரம்பும் இருக்கிறது: 2014, 2018 சட்டங்களில் அது ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலராக இருந்தது. ஆனால் கூட்டுப் பண்ணையில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி வரம்பு. இப்படிப் பங்குதாரராக எளிதில் சேரக்கூடிய குடும்பத்தினரின் வரையறையில் 2018 சட்டம் பெரியப்பா, அத்தை, மாமன் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் சேர்த்தது. பெரிய பண்ணைகளுக்கு இது திறந்துவிட்ட வாசல்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மக்காச்சோள ஆதார விலையை 4.10 டாலராகவும், சோயாவை 8.40-லிருந்து 10 டாலராகவும், உச்சவரம்பை 1,55,000 டாலராகவும் உயர்த்தியது. அடிப்படை ஏக்கரில் மேலும் 3 கோடி ஏக்கர் வரை சேர்க்கவும் இடமளித்தது. விடுபட்ட நிலம் சிலவற்றுக்கு இதனால் பலன் உண்டு. ஆனாலும் பணம் நிலத்தின் பழைய பதிவைப் பார்த்தே போகிறது. நொடித்துப்போன விவசாயியைத் தேடிப் போகவில்லை. அதை மாற்றாமல் விலையை மட்டும் ஏற்றியது தவறு.