இலகுவான காரும் அதன் பதிவுச் சான்றிதழும்

சின்காரா என்பது வட இந்தியாவின் வறண்ட நிலங்களில் துள்ளித் திரியும் சிறுமானின் பெயர். தமிழ்ச் செவிக்கு அது 'சிங்காரம்' என்று ஒலித்துவிடுவதும் இயல்பே. அந்தப் பெயரில் நம் மும்பைக்கு எதிர்க்கரையில், அலிபாக் வட்டாரத்தில், குய்டோ போதே, ஷமா போதே இணையர் ஒரு சிறு தொழிற்கூடம் அமைத்து, 2000களின் தொடக்கத்தில் ஓர் இருவர் காரைக் கையால் கட்டினார்கள். நீண்ட மூக்கு, தரையை ஒட்டிய இருக்கை, எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் கண்ணாடி இழையால் ஆன உடல். சின்காரா ரோட்ஸ்டர் 1.8 எஸ் என்று அதற்குப் பெயர். எண்ணிக்கையில் மிகச் சிலவே பிறந்த வண்டி அது. தாதரின் இந்து காலனி, பார்சி காலனி மரநிழலில் அப்படியொரு கார் நிற்கக் கண்டால், நின்று பார்க்காமல் கடப்பவர் குறைவு.

அதன் வடிவம் புதிதன்று. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்ற காரே மூலம். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கார் அது. நம் பழைய மாருதி 800கூட அதைவிடக் கனம். அந்நாளில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பிரித்த பாகங்களாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே பெட்டிகளில் பாகங்கள் வீட்டுக்கு வரும். வாரக் கடைசிகளில் மாமனும் மைத்துனனும் சேர்ந்து கோப்பார்கள். கோக்கும் முறையை அச்சிட்டுத் தரக் கூடாது என்று வரித்துறை தடுத்ததால், பிரிக்கும் முறையை அச்சிட்டுத் தந்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்றும் ஒரு கதை இன்றும் வழங்குகிறது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டில் செவனைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போயிற்று.

நம் நாட்டில் அத்தகைய வாசல் என்றுமே திறந்திருக்கவில்லை. இங்கு ஒரு வாகனம் சாலைக்கு வர வேண்டுமெனில், அதன் மாதிரி புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் கோத்த காருக்குப் பதிவெண் கிடைப்பது மிக அரிது. 2019இல் புதிய கார்களுக்கு ஓட்டுநர் காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமாயின, 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்தது. கையால் கார் கட்டும் சிறு கூடங்களுக்கு இவை எளிதில் ஏற முடியாத படிகள். எனவே இன்று இத்தகைய காரை விரும்புகிறவர் பெரும்பாலும் முன்பே பதிவான வண்டியைத்தான் வேறொருவரிடமிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குவது ஒரு காரை மட்டுமன்று, அதன் பதிவுச் சான்றிதழையும் சேர்த்துத்தான். இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், சான்றிதழையே என்று நாம் சொல்வோம்.

அதில் தயாரிப்பாளர் பெயர், உடல் வகை, இருக்கை எண்ணிக்கை, எஞ்சின் எண், சேசிஸ் எண், வெற்று எடை ஆகிய அனைத்தும் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். சட்டகத்தில் பொறித்த எண்ணைத் துடைத்து, வெளிச்சம் அடித்துப் படிக்க வேண்டும். பழைய ஜீப் ஒன்றின் காகிதத்தில் புதிய உடலை ஏற்றி ஓட்டுவது நம் ஊர்களில் கேள்விப்படாத செய்தியன்று. சான்றிதழ் ஒன்றைச் சொல்லி, வண்டி வேறொன்றாக நின்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுவதே நலம். அந்த வேறுபாடு சாலைச் சோதனையில் வெளிப்படும். அதைவிட மோசமாக, விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளர் வரும்போது வெளிப்படும்.

சின்காராவின் உள்ளே இருப்பது நமக்குப் பழகிய எஞ்சின். இந்துஸ்தான் மோட்டார்ஸின் காண்டெஸாவிலும், பெட்ரோல் அம்பாசிடர் 1800இலும் ஓடிய இசுசு 1.8 லிட்டர் எஞ்சினே அது. அரசு அதிகாரிகளின் வெள்ளைக் கார்களை இழுத்த எஞ்சின், இங்கே குறைந்த சுமையோடு பாய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். காண்டெஸா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றது. அம்பாசிடர் 2014இல் நின்றது. எனினும் பல்லாண்டுகள் ஓடிய வண்டிகள் என்பதால் பாகங்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தாதரிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ள குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய பாகக் கடைகளும், ஆபரா ஹவுஸ் பக்கத்து உதிரிபாகக் கடைத்தெருவும் இதற்கு உதவும். நெடுந்தொலைவு செல்லாமல் பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கும் வசதி மும்பைக்காரருக்கு வாய்த்த நற்பேறு. கிளட்ச் தட்டு, தண்ணீர் பம்பு, கார்புரேட்டர் பழுதுநீக்கத் தொகுப்பு ஆகியவை கண்ணில் படும்போதே ஒரு செட் வாங்கி வீட்டில் வைப்பது செலவன்று, சேமிப்பு.

பராமரிப்பில் முதல் பகை கடற்காற்று. கண்ணாடி இழை துருப்பிடிக்காது என்பதால் பலர் அமைதி கொள்கிறார்கள். ஆனால் வண்டியைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுக் குழாய். உடல் பளபளப்பாக இருக்க, அதன் மறைவில் சட்டகம் அரிபடும். ஆண்டுக்கொரு முறை, மழை முடிந்த அக்டோபரில், வண்டியைத் தூக்கி நிறுத்தி, குழாய்கள் ஒட்டவைக்கப்பட்ட மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டியும் சுரண்டியும் பார்க்க வேண்டும். வண்ணம் கொப்பளித்த இடம் தென்பட்டால் அதன் கீழே துரு இருக்கிறது என்று கொள்க. கார் உறையும் ஒரு பொறி. தார்ப்பாய் போன்ற உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். காற்றோடும் துணி உறையே ஏற்றது.

இழை உடலில் வரும் மயிர்க்கோட்டு விரிசலை மேலே பட்டி தடவி மறைப்பது வீண்வேலை. சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் எழும். பின்புறத்திலிருந்து தேய்த்து, இழைப்பாயும் ரெசினும் இட்டுப் பலப்படுத்திய பிறகே மேற்பூச்சு. இந்தக் கைவேலை அறிந்தவரைக் கார் பட்டறையில் தேடுவதைவிடப் படகுத்துறையில் தேடலாம். ஃபைபர் படகு பழுது பார்ப்பவருக்கு இது அன்றாட வேலை. சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரை முழுவதும் இத்தகைய படகுகள் பெருகின. அதே பாயும் அதே ரெசினும்தான் இங்கும்.

இன்னொரு நுட்பம் உண்டு. தகர உடல் கொண்ட காரில் விளக்கின் மின்சாரம் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். இழை உடலில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், பெட்ரோல் அளவுமானிக்கும் தனித்தனி எர்த் கம்பி சட்டகம் வரை ஓட வேண்டும். ஒரு பக்கத் திருப்ப விளக்கு எரிந்தால் மறுபக்கத் தலைவிளக்கு மங்குகிறது என்றால், பல்பையும் ஃபியூஸையும் மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். எர்த் முனையைக் கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். இலகுக் கார்களின் மின் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. தெருவோர எலியும் இதில் பங்காளி என்பதை மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடை குறைந்த வண்டி அதிர்வை விழுங்காது, பரப்பும். ஆதலால் நட்டும் போல்ட்டும் தளரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இருக்கை ஆகியவற்றின் போல்ட்டுகளைச் சரிபார்ப்பது நல்லது. இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து சட்டகம் வரை வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை கோடு விலகியிருக்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். ஸ்பேனர் பிடிக்கும் வேலை பாதியாகும்.

பெட்ரோலையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. இப்போது நிலையங்களில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இந்தக் கலவை இல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாயின் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது. எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்து, சுற்றிலும் ரெசின் உடல் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு சிறு தீயணைப்பான் ஏன் இருக்கைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

சூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காரை ஓட்டாதிருப்பதே நம் கருத்து. தாதருக்கும் பரேலுக்கும் இடையே இந்த்மாதா சந்திப்பு எப்படி நிறையும் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. பிரமோத் மகாஜன் பூங்காவின் அடியிலும் பரேல் சேவியர் மைதானத்தின் அடியிலும் மாநகராட்சி நீர்த்தொட்டிகள் கட்டிய பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. என்றாலும் மற்றக் கார்களுக்குச் சக்கரம் நனையும் நீர், தரையொட்டி அமர்ந்த இந்த வண்டிக்கு மடிமேல் வரும்.

இனி மாற்றியமைத்தல். இந்தக் காரை வாங்குவோர் பலருக்கு உண்மையான ஆசை இதுவே. பெரிய எஞ்சின், அகலச் சக்கரம், தாழ்ந்த ஸ்பிரிங், முழங்கும் சைலன்சர். ஆசையைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. சட்டத்தை மட்டும் எடுத்துரைக்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. எஞ்சின் பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு அதே வகை எஞ்சினைப் பொருத்தி, புதிய எண்ணைச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். இத்தகைய காருக்கு மிகுந்த பயன் தரும் வேலைகள் பலவும் சட்டம் தொடாத இடத்திலேயே இருக்கின்றன. நல்ல பிரேக் லைனிங்கும் புதிய பிரேக் எண்ணெயும், மூல அளவிலேயே நல்ல பிடிப்புள்ள புதிய டயர், தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களுக்குப் பதில் புதியவை, நான்கு சக்கரங்களின் சரியான சீரமைப்பு ஆகியவற்றைச் செய்து பாருங்கள். டயர் ஐந்து, ஆறு ஆண்டு கடந்திருந்தால் பள்ளம் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். கனமற்ற வண்டியில் அது உடனே தெரியும். காற்றழுத்தமும் சாதாரணக் காரைவிடக் குறைவாகவே தேவைப்படும். பெரிய ஒலிபெருக்கியும் தோல் இருக்கையும் ஏற்றுபவர், தாம் பணம் கொடுத்து வாங்கிய இலகுவைத் தாமே செலவழிக்கிறார்.

அதற்கும் மேலே போக விரும்புவோருக்குப் பந்தயத் தடம் இருக்கிறது. பொதுச் சாலையைத் தொடாமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகப்படும் வண்டிக்குப் பதிவுச் சான்றிதழ் தடையாவதில்லை. இதில் வழி காட்டியவர் கோயம்புத்தூரின் சு. கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1980களில் உள்ளூர்ப் பட்டறைகளையும் உள்நாட்டுப் பாகங்களையும் கொண்டே இலகுப் பந்தயக் கார்களைக் கட்டினார். மாருதி 800 எஞ்சினை வைத்து 1988இல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி, பல இளைஞர்களுக்கு முதல் பந்தயக் காராயிற்று. 1995இல் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள தடம் இன்று அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது.

கடைசியாகப் பணம். வாகனக் கடன் என்பது சான்றிதழில் வங்கியின் அடமானக் குறிப்பு ஏறுவதன் பேரில் தரப்படுவது; பழைய வண்டிக்கு வயது வரம்பும் உண்டு. ஆகவே இத்தகைய காரைச் சேமிப்பிலிருந்து வாங்குவதே பொருத்தம். பராமரிப்புக்கென மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பு வைத்தால், அக்டோபர்ச் செலவு வீட்டு வரவுசெலவைத் தொடாது. காப்பீட்டில், ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசியே முடிவு செய்கிறார்கள். படங்களும் பில்களும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் கையில் இருந்தால் அந்தப் பேச்சில் உங்கள் பக்கம் வலுப்பெறும். வழக்கமான பாலிசியில் பழுதுக்கான இழப்பீட்டின்போது கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 சதவீதமும், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும். உடல் முழுவதும் இழையான காருக்கு இது சிறு தொகையன்று. மாற்றம் எதையும் செய்திருந்தால் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் தனியார் காருக்கு அந்தக் கட்டணம் 600இலிருந்து 5,000 ரூபாயானது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. 50 ஆண்டு கடந்தவையே விண்டேஜ் எனப்படும் என்பதால் அந்தச் சலுகைக்கு இந்தத் தலைமுறைக் கார்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். புதுப்பித்தலுக்கு முன் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுசெல்வீர்கள். அன்று ஆய்வாளர் கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு சேசிஸ் எண்ணைத்தான் முதலில் தேடுவார். அது துருவுக்குள் மறைந்துவிடாமல், தெளிவாகத் தெரியும்படி துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி வைத்திருங்கள்.