ஸ்பீக்கருக்குள் டைனமோ

கேஜிஎஃப் எனப்படும் கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கேஜிஎஃப் ஆட்களின் பிழைப்பு அந்தத் திசையில்தான். பெரும்பாலோர் மாரிகுப்பத்தில் ரயிலேறுகிறார்கள். கொஞ்சம் பேர் காரில் போகிறார்கள், வாடகை வண்டி ஓட்டுகிறார்கள். தினமும் அவ்வளவு தூரம் ஓடும் வண்டியில் நல்ல பாட்டு கேட்க நினைப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். டிக்கியில் ஓர் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ஒரு வூஃபர். ஆனால் மாட்டிய அன்றே பலருக்குத் தலைவலி தொடங்கிவிடுகிறது. பாட்டுக்கு அடியில் ‘ஙீ...’ என்று ஓர் ஊளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையும் மேலே ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது.

கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது ஒரு நாய்ஸ் ஃபில்ட்டர். அதை வாங்குவதற்கு முன் அந்த ஊளை எங்கே பிறக்கிறது, எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். வழி தெரிந்தால் பெரும்பாலும் ஃபில்ட்டர் தேவைப்படாது.

பிறக்கும் இடம், நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்ட்டர்னேட்டர். அதற்குள் மூன்று தொகுதிக் கம்பிச்சுருள்கள் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகின்றன. ஆறு டயோடுகள் அதை நேர்த்திசைக்குத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகின்றன. திருப்பிய மின்சாரம் முழுக்கச் சமதளமாக இருக்காது. உச்சியில் சிறு மேடுபள்ளம் மிஞ்சும். பல கார்களில் டைனமோவின் சுழலும் பகுதியில் 12 காந்த முனைகள், அதாவது 6 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் 6 மேடு. ஆக ஒரு சுற்றுக்கு 36. இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, புல்லி அளவு வித்தியாசத்தால் டைனமோ சுமார் 2500 சுற்று சுற்றும். நொடிக்குக் கிட்டத்தட்ட 42. அதை 36-ஆல் பெருக்குங்கள்: 1500 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2000 தொட்டால் 3000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் இவ்வளவு சிறிய அலை இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

மின்னாக்கி சுழலும் வேகமே அதன் அலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் என்பது தங்கவயலுக்குப் பழைய பாடம். 1902 ஜூனில் சிவசமுத்திரத்துக் காவிரி நீர் சுழற்றிய எந்திரங்களிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அந்த மின்சாரம் 25 சைக்கிள், இன்றைய பேச்சில் 25 ஹெர்ட்ஸ். எந்திரங்களை ஒரே வேகத்தில் வைத்திருந்ததால் அந்த எண் மாறாது. இன்று வீட்டு ஆம்ப்ளிஃபயரில் கேட்கும் உறுமலும் அப்படித்தான், 50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ அசையாமல் நிற்கும். காரில் டைனமோவின் வேகம் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது. ஊளை காலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் குற்றவாளி டைனமோ, சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, அது நுழையும் வழி. காரில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்பிலேயே இணைந்திருக்கிறது. இதைத்தான் பாடி எர்த் என்கிறார்கள். டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுச் செட் ஓரிடத்தில் எர்த் ஆகிறது, டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இன்னோரிடத்தில். இரண்டுக்கும் நடுவில், பாட்டைச் சுமந்து போகும் ஆர்சிஏ கேபிளின் வெளிவலை ஒரு மூன்றாவது பாதையாக ஓடுகிறது. இவை சேர்ந்து மூடுவதுதான் எர்த் வளையம். ஆம்ப்ளிஃபயரின் எர்த் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை என்று வையுங்கள். 30 ஆம்பியர் ஓடினால் அங்கே 0.3 வோல்ட் தங்கிவிடும். அதில் பெரும்பகுதி அசையாத அழுத்தம், காதுக்கு எட்டாது. நூறில் ஒரு பங்கு டைனமோவின் தாளத்தில் ஆடினால்கூட 3 மில்லிவோல்ட். மெல்லிய பாட்டில் கேபிள் சுமந்து வரும் சமிக்ஞையே சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் பெருக்கி வூஃபருக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்பிவிடும்.

ஆகவே டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கி ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் அந்த ஒரு போல்ட்டைப் பாருங்கள். அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். பெயின்ட் மேலேயே ஒயர் முனை வளையத்தை வைத்து ஸ்க்ரூ முறுக்கியிருப்பார்கள்; இழைகள் மட்டும் எங்கோ தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளையம் உட்காரும் அளவுக்கு உப்புக்காகிதத்தால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிய வேண்டும். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்க வேண்டும். எர்த் ஒயர் பிளஸ் ஒயரின் அதே தடிமனில், ஒன்றரை அடிக்குள் இருப்பது நல்லது. இறுக்கிய பின் காற்றுப் படாதபடி கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இந்த வேலைக்கு அரைமணி நேரம் செலவழிக்காமல் ஃபில்ட்டருக்குப் பணம் செலவழிப்பது எனக்கு மனசு கேட்காத காரியம்.

இரைச்சலை வழியிலேயே மறிக்கும் இந்த வேலையைத் தங்கவயல் மிகப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்களின் கூச்சலில் நியூட்ரினோ என்ற துகளைக் கேட்க முடியாது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன், எம்.ஜி.கே. மேனன் குழுவினர் மேலிருக்கும் பாறை மியூவான்களை மறிக்கட்டும் என்று இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினார்கள். மிக ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. கூச்சல் ஓய்ந்த இடம் கிடைத்துவிட்டது. பிறகு ஒசாகா சிட்டி, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை நிறுத்தினார்கள். கருவியின் ஒளியுணர் குழாய்கள் தாமாகவே பொய்த் துடிப்புகள் தரும் என்பதால், இரு பக்கமும் ஒரே கணத்தில் துடித்தால்தான் கணக்கில் சேர்த்தார்கள். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் இங்கே சிக்கியது; அதை உலகிலேயே முதலில் அறிக்கையாக வெளியிட்டதும் இவர்கள்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இதையே தேடிய குழுவின் அறிக்கை சில நாள் பின்னால் வெளியானது. அந்த மேதைகள் கையாண்ட ஒழுங்கு கார் டிக்கிக்கும் பொருந்தும்: ஒவ்வொரு பாதையாக அடைத்து, எஞ்சியதைக் கேள்.

இன்ஜினை அணைத்து, செட்டை மட்டும் போட்டுக் கேளுங்கள். அப்போதும் ‘உஸ்’ என்று இரைந்தால் டைனமோவைக் குறை சொல்ல வேண்டாம்; ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை அளவுக்கு மேல் திருப்பியிருக்கிறார்கள். கெயின் என்பது வால்யூம் அல்ல. செட்டின் வெளியீட்டுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்குத்தான் அது.

இன்ஜின் ஓடும்போதுதான் சத்தம் என்றால், அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஊளை போகவில்லையா, கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின் இணைப்பிலோ இருக்கிறது. போய்விட்டதா, ஒரு செல்போனை அடாப்ட்டர் ஒயர் வழியே நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகுங்கள். போன் தன் பேட்டரியில் ஓடும்வரை பாட்டு சுத்தமாக வரும். அப்படியே போனை காரின் சார்ஜரில் மாட்டினால் பல வண்டிகளில் ஊளை திரும்ப வந்துவிடும். எர்த் வளையம் மூடியதைக் காதாலேயே கேட்கும் தருணம் அது. பிறகு செட்டின் எர்த்தையும் கேபிள் ஓடும் வழியையும் பார்க்க வேண்டியதுதான். பிளஸ் ஒயரும் ஆர்சிஏ கேபிளும் ஒரே பக்கத்தில் ஒட்டிப் போயிருந்தால் ஒன்றை வலப்பக்கம், மற்றதை இடப்பக்கம் மாற்றுங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பி உள்ள கேபிள் இன்னும் நல்லது. டெலிபோன் கம்பிகளின் இரைச்சலுக்காக கிரஹாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்ற உத்தி அது. அருகிலுள்ள மின்புலம் இரண்டு கம்பியிலும் சமமாகவே ஏறுவதால், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் ஆம்ப்ளிஃபயரில் அது கழிந்துவிடும்.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஊளை பலமாக இருந்தால், மல்ட்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து இன்ஜின் ஓடும்போது பேட்டரியைத் தொடுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டைனமோவில் ஒரு டயோடாவது போயிருக்க வாய்ப்பு. அப்போது ஊளை ஒரு எச்சரிக்கை. வைத்தியம் பார்க்காவிட்டால் பேட்டரிக்கும் கேடு. ‘டிக் டிக்’ என்று பெட்ரோல் வண்டியில் கேட்டால் பிளக், காயில் பக்கம் தேடுங்கள். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதனால் வேறு இடம்.

இப்போது இன்னொரு வகைத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. மலிவான யுஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், எல்இடி விளக்கு ஆகியவற்றின் உள்ளே மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டப்படுகிறது. அந்த இரைச்சல் ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படாது. ஒரே சுருதியில் நிற்கும். அப்படிக் கேட்டால் போல்ட்டைத் தொட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.