பாட்டுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை

பெங்களூர் அல்சூரில் நண்பர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ரேடியோப் பெட்டி கிடைத்தது. கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர ஆன்டெனா. “வேர்ல்டுஸ்பேஸ்!” என்று, தொலைந்த தம்பி திரும்பி வந்ததுபோலக் கத்தினார்.

அந்த ஆன்டெனாவைக் கிழக்கு ஜன்னல் கம்பியில் கட்டி, சிக்னல் பிடிக்கும்வரை அப்படியும் இப்படியும் அவர் திருப்பிக்கொண்டிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியை அனுப்பிய ஏஷியாஸ்டார் அந்தப் பக்க வானத்தில்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினால் ராக் போச்சு.

ஆங்கிலப் பாட்டு வானொலிகள் புதுப் பாணிக்கு மாறிப் பார்ப்பதைப் பற்றி எழுதச் சொன்னார் ஆசிரியர். என்னால் அந்தப் பெட்டியைத் தாண்ட முடியவில்லை. இந்த ஊர் பார்த்த துணிச்சலான பாணி மாற்றம் அதுதான். ராக்குக்கு ஒரு சானல், கர்னாடக இசைக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. காசு சந்தாவிலிருந்து வந்தது. ஏ.ஆர். ரஹ்மானே அதற்கு விளம்பரத் தூதர். பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’ 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் நகைக்கடை விளம்பரம் போட வேண்டிய கட்டாயம் இல்லாத வானொலியால்தான் அதை முழுசாகப் போட முடியும்.

பெட்டியோடு ஒரு டைரியும் இருந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்ன பெயர்களை நண்பர் அதில் குறித்து வைத்திருக்கிறார்: குழு, ஆல்பம், வருடம். சில இடங்களில் எழுத்துப்பிழை, பக்கத்தில் கேள்விக்குறி. மறுநாள் அந்தப் பெயரைக் கேசட் கடையில் போய்ச் சொல்லித் தேடுவாராம். வேர்ல்டுஸ்பேஸின் தாய்க் கம்பெனி 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இங்கே ஒலிபரப்பு நின்றது. டைரியும் அந்த மாதத்தோடு முடிகிறது.

எஃப்.எம். கதை வேறு. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். ரேடியோ சிட்டி, 2001 ஜூலையில் பெங்களூரில்தான் ஆரம்பித்தது. 2006-இல் 91.9-இல் ரேடியோ இண்டிகோ சர்வதேசப் பாட்டோடு வந்தது. விளம்பரத்தை நம்பும் வானொலி கூட்டம் இருக்கும் பக்கம்தான் சாயும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு ஊரில் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலைவரிசைதான் என்று அரசின் 2005 எஃப்.எம். கொள்கை விதித்திருந்தது. கையில் ஒன்றே ஒன்று இருக்கும்போது அதை யார்தான் ராக்குக்குக் கொடுப்பார்கள்? 2011 கொள்கை அதைத் தளர்த்தியது. ராக்குக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை.

பாணி மாறட்டும், எனக்கு வருத்தமில்லை. நான் பயப்படுவது பெயருக்காக. ஆர்.ஜே. கலகலப்பாகப் பேசுகிறார், டிராஃபிக் சொல்கிறார், டிக்கெட் தருகிறார். பாடியது யார் என்று மட்டும் சொல்வதில்லை. மெட்டாலிகாவுக்கு அதனால் நஷ்டமில்லை. 2011 அக்டோபரில் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் கச்சேரிக்கு வந்த கூட்டத்தை வானொலியா சேர்த்தது? அடிபடுவது உள்ளூர்க் குழுக்கள். 1996-லிருந்து வாசிக்கும் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் இந்த ஊர்க்காரர்கள். கர்னாடக ராகத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றிய ‘அகம்’ குழுவும் இந்த ஊர்தான். கன்னடக் கவி சிசுநாள ஷரீஃபின் பாடல்களை ரகு தீட்சித் ராக் மேடையில் கன்னடத்திலேயே பாடினார். ராக் என்றால் ஆங்கிலம், கன்னடம் என்றால் சினிமாப் பாட்டு என்று பிரித்து வைத்தது யார்? இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வானொலிக்குத் தேவையான சரக்கு இந்த ஊரிலேயே கிடக்கிறது.

செயலியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பெயர் தெரிந்தவர்களுக்கு.

இரவு பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம், உள்ளூர்க் குழுக்களுக்கு மட்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் சொல்லி, யாராவது போட்டுப் பார்க்கலாம். அதுவரை நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொள்ளும்போது ரேடியோவைப் போட்டு, எத்தனை பாட்டுக்குப் பெயர் சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சிக்னலில் நேரத்துக்கா பஞ்சம்?