பெயரைக் கசியவிட்டவர் யார்?

கடந்த ஞாயிறு காலை ஜெஞ்சாரோமில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர், "இந்த வட்டாரத்துல யாரு எஸ்.பி.ன்னு எனக்குத் தெரியும்" என்று சத்தமாகச் சொல்லி, ஒரு பெயரையும் சொன்னார். எஸ்.பி. என்றால் ஸ்பெஷல் பிராஞ்ச், போலீஸின் உளவுப் பிரிவு. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைப் பேச்சு கடையோடு போய்விடும். அதே வேலையை அதிகாரத்தில் உள்ளவர்கள் செய்தால்?

இலங்கையில் அது நடந்தது. 2001 டிசம்பர் தேர்தலில் வென்று ரணில் விக்ரமசிங்க பிரதமரானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2002 ஜனவரி 2ஆம் தேதி, கொழும்புக்கு அருகே அத்துருகிரியவில் ஒரு வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. அது விடுதலைப் புலிகளின் பகுதிக்குள் ஊடுருவும் ராணுவ உளவு அணியின் மறைவிடம். அரசுத் தலைவர்களைக் கொல்ல அங்கே சதி நடப்பதாகப் பேச்சு கிளம்பியது. "அது எங்கள் வீடுதான்" என்று ராணுவம் சொல்லியும், உள்ளே இருந்தவர்களைக் கைது செய்து கண்டிக்குக் கொண்டு போனார்கள். ரகசியம் ஊர்ச் செய்தியானது.

பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஆனால் அதன் பிறகு உளவுப் பிரிவினரும் அவர்களுக்குத் தகவல் தந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பழி புலிகள்மீது விழுந்தது. செத்தவர்களில் தமிழர்களும் உண்டு.

அந்த அணியின்மீது தமிழர்களுக்குக் கோபம் இருப்பது நியாயம். குற்றம் செய்திருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். ஆளை அம்பலப்படுத்துவது விசாரணை ஆகாது. பின்னர் விசாரணை ஆணைக்குழு வந்தது. எந்த அமைச்சரும் தண்டனை பெறவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஈராக் போருக்குச் சொன்ன காரணத்தைக் கணவர் பகிரங்கமாக விமர்சித்த சில நாள்களில், 2003 ஜூலையில், சி.ஐ.ஏ. அதிகாரி வேலரி பிளேமின் பெயர் பத்திரிகையில் வந்தது. துணை அதிபரின் தலைமை அதிகாரி லூயிஸ் லிபிக்கு 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதுவும் விசாரணையில் பொய் சொன்னதற்கு. பெயரைக் கசியவிட்டதற்கு ஒருவர்மீதும் வழக்கு இல்லை. லிபியின் சிறைத்தண்டனையை அதிபர் புஷ் ரத்து செய்தார். 2018இல் டிரம்ப் மன்னிப்பே வழங்கிவிட்டார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம், ஓ.எஸ்.ஏ., இருக்கிறது. ரகசிய ஆவணத்தை வெளியிட்டால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. ஓர் ஆவணம் ரகசியம்தான் என்று அமைச்சர் சான்று கொடுத்தால், நீதிமன்றம்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது. கோப்பைத் தூக்கும் குமாஸ்தாவுக்குச் சட்டம் கடுமைதான். முத்திரை குத்துபவரே அரசியல் லாபத்துக்காக வாய் தவறினால் யாரிடம் பதில் சொல்வார்?

அடுத்த முறை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். பெயர் வெளியான உளவாளிக்கும் வீட்டில் அம்மா இருப்பார், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும்.